எழுபது வாட் சீர்

தாய்மாமனின் கடமைகளுக்கு எங்கள் பக்கம் ஒரு பட்டியல் உண்டு. காது குத்தும்போது மடி கொடுக்க வேண்டும். பெண் பெரியவளானால் குடிசை கட்டப் பச்சை ஓலை கொண்டுவர வேண்டும். கல்யாணத்தில் சீர்த்தட்டோடு முன்னால் நிற்க வேண்டும். பெங்களூர் கன்டோன்மென்டுக்கு நாலு தலைமுறைக்கு முன்பு வந்து, வாசலைத் தாண்டினால் கன்னடமும் உருதும் இங்கிலீஷும் பேசிப் பழகிவிட்ட எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறிவிடவில்லை. வேட்டி பேன்ட் ஆயிற்று, மோதிரம் கைக்கடிகாரம் ஆயிற்று, அவ்வளவுதான். 2025 ஆகஸ்டில் அதில் ஒரு புதிய அயிட்டம் சேர்ந்தது: கிராஃபிக்ஸ் கார்டு.

எங்கள் வீடு பிரேசர் டவுனில், மாஸ்க் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் தாக்கிய பிறகு, கன்டோன்மென்டின் நெரிசலைக் குறைப்பதற்காக உருவான பேட்டை இது. மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரை இதற்கு வைத்தார்கள். அரசாங்கத் தாள்களில் இப்போது புலிகேசி நகர். ஆட்டோக்காரர்களுக்கு இன்னமும் பிரேசர் டவுன்தான். நெரிசலுக்கு மருந்தாகப் பிறந்த பேட்டையில் இன்று பழைய வீடுகளைத் துண்டு போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். எங்களுக்கு வாய்த்த துண்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. அம்மா, மனைவி, நான், தங்கை, அவள் மகன் என்று ஐந்து பேர். சாப்பாடு, டி.வி., இஸ்திரி, விருந்தாளிகள், இரவில் எனக்கும் பையனுக்கும் படுக்கை எல்லாமே ஹாலில்தான். கேம்ஸ் ஆடும் கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்ற கேள்வியே அதனால் எழவில்லை.

தங்கை கோலார் தங்கவயலில் வாழ்க்கைப்பட்டவள். 2001 பிப்ரவரி 28-ந் தேதி அங்கே சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்த் தமிழர்களில் பலருக்குப் பிழைப்பு ரயிலில்தான் என்றாகிவிட்டது. மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலைப் பிடித்து, சுமார் 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எங்கள் மாப்பிள்ளை அவர்களில் ஒருவர். வாரத்தில் ஆறு நாள் மகனைத் தூக்கத்தில் மட்டுமே பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனோடு உட்கார்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டரில் 'கிரிக்கெட் 07' ஆடுவார். 2006-ல் வெளியான விளையாட்டு அது. எந்த ஓட்டைக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதாலேயே இந்தியப் பையன்கள் அதை இன்னும் விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

2021 மே மாதம், கோவிட்டின் இரண்டாவது அலையில், மாப்பிள்ளை போய்விட்டார். தங்கையும் பையனும் எங்களிடம் வந்தார்கள். அவனுக்கு அப்போது 11 வயது. கோவிட்டில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ரூ. 50,000 உதவித்தொகை என்று அந்த வருடம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிர்ணயித்தது. சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பணம் வந்தது. தங்கை அதை அப்படியே பையன் பெயரில் போஸ்ட் ஆபீஸில் போட்டாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பையனோ எதைப் பற்றியும் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் போவான், வருவான், காதில் வயரை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து செல்போனைப் பார்ப்பான். மார்க் குறையவில்லை. அதனால் கண்டிக்கவும் வழியில்லை.

பி.யு.சி. சேர்ந்த பிறகு ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது அவனாக வாயைத் திறந்தான்.

"மாமா, எனக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேணும். 4060. முப்பதாயிரம் ஆகும். அப்பா பணம் இருக்கு இல்ல?"

தங்கை எழுந்து சமையலறைக்குள் போனாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"அந்தப் பணத்த யாரும் தொட வேணாம்," என்றேன். "பதினஞ்சாயிரத்துக்குள்ள மாமன் வாங்கித் தர்றேன். எதுன்னு ரெண்டு பேரும் பாப்போம்."

உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "ஹால்லதான் வெக்கணும் அண்ணா. டி.வி.யிலதான் ஆடணும். எல்லாரும் பாக்கறாப்பல."

ஆக, நிபந்தனைகள் இரண்டு: ரூ. 15,000, ஹால். மூன்றாவது நிபந்தனையைக் கம்ப்யூட்டரே போட்டது. ஐ.டி. கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை கூண்டோடு மாற்றித் தள்ளும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் துடைத்து விற்பது பெங்களூரில் பெரிய வியாபாரம். பையனின் படிப்புக்காக அப்படி ஒன்று வாங்கியிருந்தோம். இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி மெமரி. படிப்புக்குத் தங்கமான மெஷின். ஆனால் பெட்டி ஒல்லி. டெலிபோன் டைரக்டரி என்று ஒன்று இருந்த காலத்தில் அதில் இரண்டை அடுக்கி வைத்தால் என்ன உயரமோ அவ்வளவுதான்.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது என்ன வேலை செய்கிறது என்று நான் ஒரு வாரம் படித்தேன். அச்சகம் ஒன்றில் கணக்கெழுதுகிறவனுக்கு அது புரிவது கடினமாக இல்லை. டி.வி.யில் தெரியும் ஒரு முழுப்படம் 1,920 புள்ளி அகலம், 1,080 புள்ளி உயரம். பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். சினிமாவில் படம் ஏற்கெனவே எடுத்துத் தயாராக இருக்கிறது. விளையாட்டில் அப்படியில்லை, பையன் விசையை அழுத்திய பிறகுதான் அடுத்த படம் என்னவென்றே தெரியும். அதை அந்த நிமிடமே கணக்குப் போட்டு வரைய வேண்டும். கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போவது போல் தெரிய செகண்டுக்கு 60 படம். அதாவது செகண்டுக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறம்.

ப்ராசஸர் ஒரு சீனியர் அக்கவுன்டன்ட் மாதிரி. எவ்வளவு சிக்கலான கணக்கையும் போடுவார். ஆனால் ஒரு நேரத்தில் சிலவற்றைத்தான். கிராஃபிக்ஸ் கார்டு என்பது இரண்டாயிரம் குமாஸ்தாக்கள். கூட்டலும் பெருக்கலும்தான் தெரியும். ஆனால் இரண்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். அவர்களுக்குப் பேரேடு வைக்க இடம் வேண்டும்; அதுதான் கார்டின் மெமரி. பேரேட்டைப் புரட்டும் வேகம் குறைந்தால் குமாஸ்தாக்கள் கை கட்டி உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் சாப்பாடு போட வேண்டும், அதுதான் வாட்.

வாட்டில்தான் 4060 அடிபட்டது. 2023-ல் வந்த அந்தக் கார்டுக்கு 115 வாட் வேண்டும். மதர்போர்டில் கார்டைச் செருகும் பள்ளம், விதிப்படி, அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். எங்கள் பெட்டியின் பவர் சப்ளை மொத்தமே 260 வாட். அந்த வயரும் அதில் இல்லை. (சில ஒல்லிப் பெட்டிகளில் பள்ளம் 75 வாட்கூடக் கொடுப்பதில்லை. தயாரித்தவரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பெட்டியின் கையேடு 75 என்றது.) 2025 ஜூலையில் வந்த 5050-க்கு 130 வாட். பெயரில் சின்னது, பசியில் பெரியது.

பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

"யூட்யூப்ல எல்லாரும் 4060தான் மினிமம்னு சொல்றாங்க மாமா. மத்ததெல்லாம் வேஸ்ட்டு."

"அவங்க பொட்டி என்ன ஒசரம்?"

பதில் இல்லை. என் மனைவியின் தையல் டேப்பை எடுத்து வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னேன். சாதாரணக் கார்டின் பின்தகடு 12 சென்டிமீட்டர். எங்கள் பெட்டியில் இருந்த இடம் 8 சென்டிமீட்டர். 'லோ ப்ரொஃபைல்' என்று சொல்லப்படும் குள்ளக் கார்டுதான் நுழையும். அதைப் பையனே அளந்து பார்த்தான். பிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்: 75 வாட். 8 செ.மீ. தனி வயர் கிடையாது. டி.வி. 43 இன்ச். பிறகு என்ன தோன்றியதோ, கீழே இன்னொரு வரி சேர்த்தான்: ஆயாவுக்குச் சத்தம் ஆகாது.

அம்மாவுக்கு 78 வயது. காது மந்தம். ஆனால் மின்விசிறியின் கிறீச்சொலி மட்டும் எப்படியோ கேட்டுவிடும்.

அடுத்த சனிக்கிழமை எஸ்.பி. ரோடு போனோம். சாதர் பத்ரப்பா ரோடு என்ற முழுப் பெயரைச் சொன்னால் பெங்களூரில் பாதிப் பேருக்கு வழி தெரியாது. டவுன் ஹாலிலிருந்து நடக்கிற தூரம். வயர், காமிரா, லேப்டாப், பழைய மெமரி, புதிய மதர்போர்டு என்று கடைக்குள் கடையாக, மாடிக்கு மேல் மாடியாக இருக்கும். நம் முகத்தைப் பார்த்து எந்த மொழியில் பேசுவது என்று கடைக்காரர் முடிவு செய்துவிடுவார். எந்தக் கார்டை விற்பது என்பதையும்.

முதல் கடையில் "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்று கேட்டார்கள். சொன்னதும் ஜிடி 1030-ஐ எடுத்து மேஜையில் வைத்தார்கள். குள்ளம்தான், 30 வாட்தான். ஆனால் 2017-ல் வந்த அந்தக் கார்டின் பெயரிலேயே 2018-ல் மலிவு மெமரியோடு இன்னொன்று வந்தது. முன்னது செகண்டுக்கு 48 ஜிகாபைட் புரட்டும். பின்னது 17-ஐத் தாண்டாது. பெட்டியில் பெயர் ஒன்றே. மெமரியின் வகையைச் சின்ன எழுத்தில் தேடிப் படித்தால்தான் உண்டு. இரண்டுமே எங்களுக்குப் போதாது என்று பையன் சொல்லிவிட்டான். கடைக்காரர் அவனைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார்.

இரண்டாவது கடையில் பழைய கார்டுகள். 2020 கடைசியிலிருந்து ஒன்றரை வருடம் உலகம் முழுவதும் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பஞ்சம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். விளையாடுகிறவர்கள் கார்டுக்காக அலைந்தபோது, கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் டஜன் டஜனாக வாங்கி ராத்திரி பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதைத் தோண்டக் கார்டே தேவையில்லை என்றாயிற்று. ஓய்வுபெற்ற கார்டுகள் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் கண்ணெதிரே இருந்தவை 150, 180 வாட் பிசாசுகள். அவற்றின் பக்கத்தில் 2016-ன் 1050 டிஐ. 75 வாட்தான், நாலு வருடத்துக்கு முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கலாம். ஆனால் அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்திருந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய சில்லுக்குள் பொய் விவரத்தை ஏற்றி, 1050 டிஐ என்று கம்ப்யூட்டரையே நம்பவைக்கும் போலிக் கார்டுகள் நாட்டில் நடமாடுகின்றன. ஓட்டிப் பார்க்காமல், பில் இல்லாமல் பழைய கார்டு வாங்கக் கூடாது. பில் இல்லையென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்பார்கள். மூன்று வருட வாரண்டியும் கூடவே மிச்சமாகிவிடும்.

மூன்றாவது கடை மாடிப்படிக்குக் கீழே. வயதானவர். பட்ஜெட்டைக் கேட்கவில்லை. "டப்பா எது தம்பி?" என்று பையனிடம்தான் கேட்டார். அவன் நோட்டைத் திறந்து காட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். கடைசி வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு நாலு அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

முதலாவது, ஏஎம்டி 6400. 53 வாட், குள்ளம், விலையும் குறைவு. குறை என்னவென்றால், ப்ராசஸரிலிருந்து கார்டுக்குப் போகும் பாதையில் இது நாலு தடங்களை மட்டுமே பயன்படுத்தும். புதிய கம்ப்யூட்டரில் தடம் ஒவ்வொன்றும் வேகமானது என்பதால் சமாளித்துவிடும். எங்கள் பழைய போர்டில் அதில் பாதி வேகம்தான். 4 ஜிபி மெமரி நிரம்பி வழிந்தால், ரம்ஜான் மாதத்து மாலையில் மாஸ்க் ரோடு எப்படியோ அப்படி.

இரண்டாவது, இன்டெல் ஆர்க் ஏ380. 6 ஜிபி மெமரி, 75 வாட். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் எட்டிப் பார்க்கும் வசதி கம்ப்யூட்டரில் இருந்தால்தான் அது முழு வேகத்தில் ஓடும். பத்தாம் தலைமுறைக்கு முந்திய ப்ராசஸர்களோடு சேர்க்க இன்டெலே சிபாரிசு செய்வதில்லை. எங்களுடையது எட்டு.

மூன்றாவது, 2019-ன் ஜிடிஎக்ஸ் 1650. யோக்கியமான கார்டு. 75 வாட்டில் குள்ள வடிவமும் உண்டு. ஆனால் 4 ஜிபி. புதிய விளையாட்டுகளுக்கு அது இறுக்கிப் பிடிக்கும் சட்டை.

நாலாவது, ஆர்டிஎக்ஸ் 3050. இங்கேயும் அதே பெயர் விளையாட்டு. 2022 ஜனவரியில் வந்த 3050-க்கு 8 ஜிபி மெமரி, 2,560 குமாஸ்தாக்கள், 130 வாட். 2024 பிப்ரவரியில் அதே பெயரில் வந்ததற்கு 6 ஜிபி, 2,304 குமாஸ்தாக்கள், 70 வாட். பேரேடு புரட்டும் வேகமும் செகண்டுக்கு 224 ஜிகாபைட்டிலிருந்து 168-க்குக் குறைந்தது. இப்படி இளைத்ததை அதே பெயரில் விற்பது நியாயமில்லைதான். ஆனால் எங்கள் பெட்டிக்கு வேண்டியிருந்தது அந்த இளைத்தவனே. தனி வயர் வேண்டாம். குள்ள வடிவத்தில் வருகிறது. டி.வி.யில் புள்ளிகளைக் குறைத்து வரைந்துவிட்டுப் பிறகு நிரவிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வித்தையும் தெரியும்.

விலை ரூ. 16,800.

பையன் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "லைட் கீபோர்டு வேணாம் மாமா. பழசே போதும்," என்றான். கண் கூசும் விளக்குகள் எரியும் கீபோர்டு ஒன்றுக்கு அவன் தனியாக ரூ. 2,000 கேட்டிருந்தான், அதையும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். கணக்கு நேராயிற்று. பில் போட்டு வாங்கினோம்.

ஆட்டோவில் திரும்பும்போது வேறொரு கணக்கு எனக்குள் ஓடியது. ஏஎம்டி தன் மிகப்பெரிய வடிவமைப்பு மையத்தை 2023 நவம்பரில் இதே பெங்களூரில்தான் திறந்தது. என்விடியா, இன்டெல் என்ஜினியர்களும் இங்கே ஏராளம். இந்த ஊர்க்காரர்கள் மூளையைக் கசக்கும் சில்லுகள் தைவானிலும் தென் கொரியாவிலும் தயாராகி, கார்டாகி, கப்பலேறி எஸ்.பி. ரோட்டுக்கு வந்து சேருகின்றன. (எங்கள் 3050-ன் சில்லு தென் கொரியாவின் சாம்சங் தயாரித்தது.) ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய்க்காரன் இன்று யார் கண்ணிலும் படுவதில்லை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் 13,050 கோடி டாலர். அதில் விளையாட்டுக் கார்டுகளின் பங்கு சுமார் 1,135 கோடி. ஐந்து வருடம் முன்பு பாதிக்கு மேல் விளையாட்டிலிருந்துதான் வந்தது. இப்போது செயற்கை அறிவுக்கான ராட்சதக் கிடங்குகள் அதே சில்லுகளை, அதே மெமரியை லாரி லாரியாக வாங்குகின்றன. அவ்வருடக் கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியது. பொதுமக்களுக்கு மெமரி விற்றுவந்த தன் 'க்ரூசியல்' பிராண்டையே மூடுவதாக மைக்ரான் கம்பெனி டிசம்பரில் அறிவித்தது. மலிவுக் கார்டு என்ற ஜாதியே மெல்ல மறைந்துகொண்டிருக்கிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, நடுவில் பழையதை இளைக்கவைத்துக் கொடுப்பார்கள். இருப்பதில் நமக்குப் பொருந்துவதைப் பொறுக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லவில்லை. அவன் வேறு யோசனையில் இருந்தான். கன்டோன்மென்ட் ஸ்டேஷனைத் தாண்டும்போது, "மாமா, அந்த அம்பதாயிரம் வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க," என்றான்.

"நீயே சொல்லேன்."

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போனான். என்ன சொன்னான் என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இருவரும் வெளியே வரச் சற்று நேரமாயிற்று. தங்கை கையில் காப்பி இருந்தது.

கார்டு பொருத்துவது நாம் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலையில்லை. நீளத் தகட்டைக் கழற்றிக் கூடவே வரும் குட்டைத் தகட்டை மாட்ட வேண்டும். பள்ளத்தில் நேராக வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். டி.வி. கேபிளை மதர்போர்டில் செருகாமல் கார்டின் துளையில் செருக வேண்டும். பல பேர் புதுக்கார்டை மாட்டிவிட்டுப் பழைய துளையிலேயே டி.வி.யை வைத்துக்கொண்டு 'வேகமே இல்லை' என்று புலம்புவது இதனால்தான். எங்கள் டி.வி. 4கே வகை, அதில் 83 லட்சம் புள்ளிகள். முழுவதையும் வரைய 3050-ஐ ஏவுவது மாட்டுவண்டியில் ரயில் பெட்டியைக் கட்டுவதற்குச் சமம். 1,080-ல் வைத்தோம். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் சொல்லத் தெரியவில்லை. குள்ளக் கார்டின் சின்ன மின்விசிறி வேகமெடுத்தால் கொசுவைப் போல ரீங்கரிக்கும். செகண்டுக்கு 60 படத்துக்கு மேல் வரையாதே என்று கடிவாளம் போட்டதும் அதுவும் அடங்கிவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்தோம். அவர் பாட்டுக்கு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்.

இத்தனையும் முடிந்து அவன் முதலில் ஓட்டியது புதிய கார் பந்தயமும் அல்ல, புதிய கிரிக்கெட்டும் அல்ல. தங்கவயலிலிருந்து கொண்டுவந்த பழைய ஹார்ட் டிஸ்கை அலமாரியிலிருந்து எடுத்தான். அதிலிருந்த ஒரு ஃபோல்டரை இங்கே ஏற்றினான். 'கிரிக்கெட் 07' திறந்தது. அந்த விளையாட்டுக்கு இந்தக் கார்டே வேண்டாம். மூன்று வருடமாக இதே கம்ப்யூட்டரில் அவன் அதை ஓட்டியிருக்க முடியும். ஏன் ஓட்டவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பாதியில் நிறுத்தி வைத்திருந்த ஒரு டெஸ்ட் மேட்ச் அதில் இருந்தது. இந்தியாவுக்கு இன்னும் எண்பத்துச் சொச்சம் ரன் வேண்டும்.

"இது உங்கப்பா ஆடுவாரே, அதுதானே?" என்றார் அம்மா.

"ஆமா ஆயா."

தங்கை வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையன் இரண்டு ஓவர் ஆடினான். அவுட் ஆகவில்லை. அப்படியே நிறுத்தி, திரும்பவும் பத்திரப்படுத்திவிட்டு, புதிய ஆட்டத்தைத் திறந்து விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். "நீங்க பௌலிங் போடுங்க மாமா."

இப்போது எங்கள் ஹாலுக்கு ஒரு டைம்டேபிள் இருக்கிறது. ஏழிலிருந்து ஒன்பது வரை அம்மாவின் சீரியல். ஒன்பதிலிருந்து பத்தரை வரை பையன். பரீட்சை மாதத்தில் அது பாதி. புதிய விளையாட்டுகள் நடுத்தரத் தரத்தில் தாராளமாக ஓடுகின்றன. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தால் திணறும், வைப்பதில்லை. மொட்டைமாடிப் படி பெரும்பாலும் காலியாக இருக்கிறது. அவன் வாயாடி ஆகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டத்தின் நடுவே தன்னையறியாமல் பேசுகிறான், திட்டுகிறான், சில நாள் அப்பா இதை எப்படி ஆடுவார் என்றும் சொல்கிறான். தங்கை காதில் விழாதது மாதிரி துணி மடித்துக்கொண்டிருப்பாள். போஸ்ட் ஆபீஸ் பாஸ்புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அச்சகத்தில் விஷயம் பரவி, பிள்ளை வைத்திருக்கும் சிலர் என்னிடம் வந்து, எந்தக் கார்டு வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நான் உடனே பெயர் சொல்வதில்லை. பெட்டி என்ன உயரம், பவர் சப்ளை எத்தனை வாட், போர்டு எந்த வருடத்தது என்று கேட்கிறேன். பிறகு, உங்கள் ஹாலில் வேறு யார் யார் உட்காருவார்கள் என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பலர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்.